மெம்பிஸ் நகருக்குச் சென்ற பெற்றோர்

நோயுற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நெடுந்தொலைவு செல்வது நம் மக்களுக்குப் புதிதன்று. வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் ஓரியூருக்கும் அவ்வாறு சென்றவர்கள் நம் குடும்பங்கள் பலவற்றில் இருக்கிறார்கள். முடி இறக்குவது, மெழுகுதிரி ஏற்றுவது, நடைபயணமாகச் செல்வது என்று அவரவர் பொருத்தனைக்கேற்ப அப்பயணம் அமையும். நாம் இங்கே எண்ணிப் பார்க்க விழைவது வேறொரு பயணத்தின் வரலாறு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளை அமெரிக்கப் பெற்றோர் சிலர் தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்குக் கொண்டு சென்றனர். உறுதியான மருத்துவம் எதுவும் அங்கே அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. முடிவு தெரியாத ஓர் ஆய்வில் பிள்ளைக்கு ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவே. அவ்வாய்வுகளுள் பெயர்பெற்ற ஒன்று, ஒரு கத்தோலிக்கரின் பொருத்தனையால் எழுந்த மருத்துவமனையில் நடந்தது. எனவே அப்பொருத்தனையிலிருந்தே தொடங்குவோம்.

டேனி தாமஸ் என்பது அவருடைய மேடைப்பெயர். லெபனான் நாட்டிலிருந்து குடியேறிய மாரோனைட் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1912-ஆம் ஆண்டு பிறந்தவர். நகைச்சுவை நடிகராக வாழ முயன்று, டெட்ராய்ட் நகரில் வருவாய் இன்றித் தவித்த நாளில், மனைவி முதற்பிள்ளையைச் சுமந்திருக்க, கையிலிருந்த கடைசி ஏழு டாலரையும் திருப்பலியில் காணிக்கையாகப் போட்டுவிட்டதாகப் பின்னாளில் அவர் சொல்லி வந்தார். புனித யூதா ததேயுவிடம் தமக்கு வழிகாட்டும்படி மன்றாடி, வழி கிடைத்தால் அவருக்கு ஒரு திருத்தலம் எழுப்புவதாகவும் நேர்ந்துகொண்டார். யூதா ததேயுவை நம்மவர் நன்கு அறிவர். ஜான்சியிலும் சென்னை வாணுவம்பேட்டையிலும் அவருக்குத் திருத்தலங்கள் உண்டு. காட்டிக்கொடுத்தவனின் பெயரை ஒத்த பெயர் கொண்டவர் என்பதால் நெடுங்காலம் எவரும் அவரை அதிகம் வேண்டிக்கொள்ளவில்லை. அதனாலேயே எவரும் கைகொடுக்காத காரியங்களுக்கு அவர் பாதுகாவலர் ஆனார் என்று பக்தர்கள் கூறுவதுண்டு.

தாமசுக்குப் புகழும் பொருளும் வந்தன. நேர்ந்த திருத்தலத்தை எப்படிக் கட்டுவது என்று அவர் சிக்காகோ பேராயர் கர்தினால் சாமுவேல் ஸ்ட்ரிச்சிடம் அறிவுரை கேட்டார். ஸ்ட்ரிச் டென்னசி மாநிலத்தில் பிறந்தவர். அம்மாநிலத்தின் மெம்பிஸ் நகரை அவரே சுட்டிக்காட்டினார். திருத்தலம் என்ற எண்ணம் மெல்லப் பிள்ளைகளுக்கான மருத்துவமனையாக உருமாறியது. 1957-இல் லெபனான், சிரியா நாடுகளின் வழிவந்த அமெரிக்கர்களைத் திரட்டி அதற்கென ஒரு நிதி அமைப்பைத் தாமஸ் நிறுவினார். புனித யூதா பிள்ளைகள் ஆய்வு மருத்துவமனை 1962-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் வரைபடத்தைக் கட்டணமின்றி ஆக்கித் தந்தவர் பால் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே குழாயில் நீர் அருந்தக்கூடாதென்று இருந்த தென்மாநிலம் ஒன்றில், இரு இனத்துப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் படுத்திருந்தனர். மருத்துவத்திற்காக எந்தக் குடும்பத்திடமும் பணம் கேட்கப்படவில்லை.

ஒரு மனிதர் தம் பிள்ளை நலமாகப் பிறக்கவும் தம் பிழைப்பு நடக்கவும் செய்துகொண்ட பொருத்தனை, முன்பின் அறியாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்ததை நாம் கவனிக்க வேண்டும். நம்மிடையே பொருத்தனை பெரும்பாலும் கொடுக்கல் வாங்கலாகவே முடிந்துவிடுகிறது.

அம்மருத்துவமனை திறந்தபோது, பிள்ளைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்களுள் மிகப் பரவலான வகையில் நூற்றுக்கு நான்கு பேரே பிழைத்தனர் என்று அதன் கணக்கு கூறுகிறது. அந்த நான்கு பேருக்கும் பின்னால் பதினைந்து ஆண்டுக் கதை ஒன்று உண்டு. அது பாஸ்டன் நகரில் தொடங்குகிறது.

பாஸ்டன் பிள்ளைகள் மருத்துவமனையில் நோய்க்கூற்று மருத்துவராயிருந்த சிட்னி ஃபார்பர், இரத்தசோகையைப் போக்கும் ஃபோலிக் அமில வகைகளை இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணிவதற்கு மாறாக விரைந்து முற்றியது. அப்பிள்ளைகளின் பெற்றோருக்கு அதில் என்ன ஆறுதல் இருந்திருக்க முடியும்? ஆனால் அந்தத் தோல்வியிலிருந்துதான், ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்குமோ என்ற எண்ணம் பிறந்தது. 1947 டிசம்பர் இறுதியில் அமினோப்டெரின் என்ற மருந்து முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. 1948 ஜூன் திங்களில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, மருந்து பெற்ற பதினாறு பிள்ளைகளுள் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. தணிவு நிலைக்கவில்லை, சில திங்களில் நோய் மீண்டது. சாகப்போகும் பிள்ளைகளை அமைதியாகச் சாக விடலாகாதா என்று உடன் பணியாற்றிய மருத்துவர்களே ஃபார்பரிடம் கசந்துகொண்டனர்.

அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பழைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். கதராடை உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப்பட்டம் கிட்டாமல் வெளியேறி, 1922-இல் பாஸ்டன் சென்றார். ஃபார்பரின் அறிக்கை வெளியான இரண்டு திங்களில், 1948 ஆகஸ்டில், அவர் மறைந்தார். சென்னைத் தெருக்களில் அவர் பெயர் ஒலித்திருக்க வேண்டிய அளவுக்கு ஒலிக்கவில்லை.

அடுத்த கட்டம் வாஷிங்டனை அடுத்த பெதெஸ்டாவில் நடந்தது. 1953-இல் அங்கே அமெரிக்க அரசு திறந்த ஆய்வு மருத்துவமனையில் சேர்வோர் எல்லாரும் ஆய்வுக்கு உட்படுவோரே; கட்டணம் கிடையாது. இரத்தப் புற்றுநோய்க் கூடத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் இரத்தப்போக்கினால் இறந்தனர். மூக்கிலும் வாயிலும் வழிந்த இரத்தம் தலையணைகளையும் தரையையும் நனைத்தது. எமில் ஃப்ரைரைக் என்ற மருத்துவர், இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களைப் பிரித்தேற்றினால் அப்போக்கு நிற்கும் என்று காட்டினார். பிரித்தெடுப்பதோ கடினமான வேலையாயிருந்தது. அந்நாளில் ஐ.பி.எம். நிறுவனப் பொறியாளரான ஜார்ஜ் ஜட்சனின் மகன் வேறொரு வகை இரத்தப் புற்றுநோயோடு அங்கே மருத்துவம் பெற்றுவந்தான். மகனோடு வந்த தந்தை, பிரித்தெடுக்கும் முறையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, இதற்கு ஒரு கருவி செய்யலாமே என்றார். நிறுவனம் அவருக்கு விடுப்புத் தந்தது. ஃப்ரைரைக்கும் ஜட்சனும் சேர்ந்து 1960-களின் நடுவில் இரத்த அணுக்களைப் பிரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினர். இன்று நம் நகர இரத்த வங்கிகளில் தட்டணு தானம் செய்வோரின் அருகே சுழல்கின்ற இயந்திரம் அதன் வழிவந்ததே.

அதே கூடத்தில் 1960-களின் தொடக்கத்தில் ஃப்ரைரைக்கும் எமில் ஃப்ரெய்யும், நான்கு மருந்துகளைத் தனித்தனியே தருவதை விடுத்து ஒன்றாகச் செலுத்தத் துணிந்தனர். நான்கில் ஒன்று வின்கிரிஸ்டின். அது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வடிப்பது. நம் கல்லறைத் தோட்டங்களில் எவரும் நீரூற்றாமல் பூத்துக் கிடப்பதால் சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்று பெயர்பெற்ற அதே செடிதான். தூத்துக்குடி, விருதுநகர்ப் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் மருந்துக்கென்றே பயிரிடப்பட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகி வந்திருக்கிறது. நான்கு மருந்துகளும் சேர்ந்து பிள்ளைகளைச் சாவின் விளிம்புவரை கொண்டு சென்றன. பின்னர் நோயின் சுவடே காணாமற்போக, பலர் எழுந்து விளையாடினர், வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். சில திங்கள் கழிந்ததும் ஒருவர் பின் ஒருவராகத் தலைவலியோடும் தள்ளாட்டத்தோடும் திரும்பி வந்தனர். மருந்து எட்டாத மூளையில் நோய் ஒளிந்திருந்தது.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் யாயிரை இங்கே நினைக்கிறோம். சாகக் கிடக்கும் மகளுக்காக அவர் இயேசுவை அழைத்துச் செல்கிறார். வழியில் பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஒருத்தி குணமடைகிறாள். அவளோடு ஆண்டவர் நின்று பேசிக்கொண்டிருக்கையில் யாயிரின் வீட்டிலிருந்து மரணச் செய்தி வந்துவிடுகிறது. தன் பிள்ளைக்காகத் தொடங்கிய பயணத்தில் இன்னொருவர் நலம் பெறுவதைப் பார்த்து நின்ற அத்தந்தையின் மனநிலையைப் பற்றி நற்செய்தி ஒன்றும் கூறவில்லை. முடிவில் அவருக்கு மகள் திரும்பக் கிடைத்தாள். பெதெஸ்டாவுக்கு வந்த பெற்றோர் பலருக்கு அது கிடைக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளிடம் கற்றதைக்கொண்டு வேறு பிள்ளைகள் பிழைத்தனர்.

அப்பிள்ளைகள் பிழைத்த இடம் மெம்பிஸ். அங்கு முதல் மருத்துவ இயக்குநராக வந்த டொனால்ட் பிங்கல், பஃபலோ நகரில் இயேசு சபையினரின் கனீசியுஸ் கல்லூரியில் பயின்றவர். பாஸ்டனில் ஃபார்பரிடம் பணிபுரிந்தவர். இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு பல திங்கள் படுத்திருந்து மீண்டவர். நடிகர் ஒருவர் எழுப்பும் மருத்துவமனையை நம்பித் தெற்கே போகாதே என்று தெரிந்தவர்கள் தடுத்தும் போனார். நோயைத் தணிப்பதோடு நில்லாமல் வேரறுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முதலில் மருந்துகளால் நோயைத் தணிப்பது, பிறகு மருந்தின் அளவை உயர்த்தி எஞ்சியதை அழிப்பது, மூளைக்குக் கதிர்வீச்சும் முதுகுத்தண்டில் ஊசி மருந்தும் தருவது, இறுதியாக மூன்று ஆண்டுவரை தொடர்ந்து மருந்து தருவது என்று திட்டமிட்டு அதற்கு முழுமைச் சிகிச்சை என்று பெயரிட்டார்.

முதல் ஆய்வு 1962-இல் தொடங்கியது. அதிலும் அதையடுத்து வந்த மூன்றிலும் சேர்ந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் இறந்தனர்; மிகச் சிலரே நிலைத்து வாழ்ந்தனர். ஒவ்வோர் ஆய்விலும் எது போதவில்லை என்பதைப் பார்த்து அடுத்ததைத் திருத்தினர். 1967 டிசம்பரில் தொடங்கிய ஐந்தாம் ஆய்வில் 35 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். மூளைக்கான கதிர்வீச்சின் அளவு 2,400 ராட் ஆக உயர்த்தப்பட்டது. இம்முறை ஏறத்தாழப் பாதிப்பேர் நோயற்று வாழ்ந்தனர். இந்நோயை இனித் தீராத நோய் என்று கருதுவதற்கில்லை என்று பிங்கல் 1970-களின் தொடக்கத்தில் அறிவித்தபோது, மருத்துவ உலகில் பலர் நம்ப மறுத்தனர்.

இந்த ஐந்து ஆய்வுகளுக்கும் பிள்ளைகளைக் கொண்டுவந்தோர் டென்னசியிலிருந்தும் அதைச் சூழ்ந்த மிசிசிப்பி, ஆர்க்கன்சா மாநிலங்களிலிருந்தும் வந்த எளிய மக்கள் பலர். அப்பகுதியில் கத்தோலிக்கர் மிகச் சிறுபான்மையினர்; பாப்டிஸ்ட், மெத்தடிஸ்ட் சபையினரே மிகுதி. புனிதர்களிடம் மன்றாடும் வழக்கமில்லாத தாய்மார் யூதா ததேயுவின் உருவச்சிலையைக் கடந்து உள்ளே சென்றனர். மூன்று ஆண்டு மருத்துவம் என்றால் மூன்று ஆண்டு பயணம் என்று பொருள். தாய் நோயுற்ற பிள்ளையோடு தங்க, தந்தை வேலையை விடமுடியாமல் ஊரில் இருக்க, மற்றப் பிள்ளைகள் பாட்டி வீட்டிலும் அத்தை வீட்டிலும் வளர்ந்தனர். எந்த மருத்துவ அறிக்கையிலும் அந்தப் பாட்டிமார் இடம்பெறவில்லை. கூரையைப் பிரித்து முடக்குவாதமுற்றவரை இறக்கிய நால்வரின் பெயரும் நற்செய்தியில் இல்லைதான். எனினும் ஆண்டவர் அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்று மாற்கு எழுதிவைத்தார்.

தங்குமிடம் என்பது பெருங்கவலையாய் இருந்தது. மருத்துவமனை நாற்காலிகளில் பெற்றோர் இரவு முழுவதும் உறங்குவதை, 1970-களில் ஃபிலடெல்ஃபியாவின் காற்பந்தாட்ட வீரர் ஃபிரெட் ஹில் தம் மகளுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டு அங்கிருந்தபோது பார்த்தார். அவருடைய குழுவினர் திரட்டிய நிதியோடும், பெற்றோருக்கென ஒரு வீடு வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்த மருத்துவர் ஆட்ரி எவன்சின் முயற்சியோடும் 1974-இல் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் அந்நகரில் திறக்கப்பட்டது. இன்று உலகெங்கும் அத்தகைய இல்லங்கள் இருக்கின்றன.

இனி, நம் மனத்தை உறுத்தும் வினாவுக்கு வருவோம். பிறருக்குப் பயன்படக்கூடும் என்பதற்காக ஒரு பிள்ளையை ஆய்வுக்கு உட்படுத்தலாமா? ஃபார்பரின் காலத்தில் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறும் முறை வேரூன்றவில்லை. நாசி மருத்துவர்களின் கொடுமைகளை விசாரித்த நூரம்பெர்க் நீதிமன்றம் 1947-இல்தான் ஒப்புதலை முதல் நெறியாக வகுத்திருந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952 செப்டம்பரில் மருத்துவ அறிஞர்களுக்கு ஆற்றிய உரையில், நோயாளி தருகின்ற உரிமைக்கு மேல் மருத்துவருக்கு உரிமை எதுவும் இல்லை என்றும், அறிவியலின் வளர்ச்சியோ சமுதாயத்தின் நலமோ மட்டும் மனிதனை ஆய்வுப் பொருளாக்கும் உரிமையைத் தருவதில்லை என்றும் விளக்கினார். 1964-இல் உலக மருத்துவர் கழகம் ஹெல்சிங்கி அறிக்கையை வெளியிட்டது. தானே ஒப்புதல் தரமுடியாத குழந்தையைப் பற்றிய வழக்கு அதன் பின்னும் தீரவில்லை. தனக்கு நன்மை தராத ஆய்வில் குழந்தையை ஒருபோதும் சேர்க்கலாகாது என்று மெத்தடிஸ்ட் இறையியலாளர் பால் ராம்சி 1970-இல் வாதிட்டார். பெருந்தீங்கு இல்லாதவிடத்துக் குழந்தையும் மானிடக் குடும்பத்தின் உறுப்பினன் என்ற முறையில் பிறர் நலத்தில் பங்கேற்கக் கடமைப்பட்டவன். அதனால் பெற்றோர் அவனுக்காக இசையலாம் என்று இயேசு சபை அருள்தந்தை ரிச்சர்ட் மெக்கார்மிக் 1974-இல் மறுமொழி எழுதினார். மெம்பிஸ் ஆய்வுகள் இவ்விரண்டு வாதங்களுக்கும் சற்று வெளியே நிற்கின்றன என்பது நம் கருத்து. அங்கே பிள்ளைக்கும் நன்மை நாடப்பட்டது. வேறு வழியும் இல்லை. ஆனால் இன்று, மருந்தின் அளவைக் கண்டறிவதற்காக மட்டும் நடக்கும் முதற்கட்ட ஆய்வில் சேருமாறு கேட்கப்படும் குடும்பம், இதில் குணமடையும் வாய்ப்பு எவ்வளவு சிறியது என்பதைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும். அவ்வாறு கேட்பது நம்பிக்கைக் குறைவு என்று பங்கில் எவரேனும் சொன்னால், சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை அவர் ஒருமுறை எடுத்துப் படிப்பது நல்லது.

குணமடைந்தோரும் விலை கொடுத்தனர். மூளைக்கு அளிக்கப்பட்ட கதிர்வீச்சால் சிலருக்கு வளர்ச்சி குன்றியது. சிலருக்குப் படிப்பு ஏறவில்லை. சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் வேறு கட்டிகள் தோன்றின. உயிரைக் காத்த அதே கதிர்வீச்சைத் தவிர்க்க முடியுமா என்று அறிய இன்னும் பல ஆய்வுகளும், அவற்றில் சேர இன்னும் பல பிள்ளைகளும் தேவைப்பட்டனர். 2000 முதல் 2007 வரை நடந்த பதினைந்தாம் ஆய்வில் கதிர்வீச்சு அறவே விலக்கப்பட்டது. அதனால் தீங்கில்லை என்ற முடிவு 2009-இல் வெளியானது. இப்போது அம்மருத்துவமனையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். டேனி தாமஸ் 1991-இல் மறைந்து அம்மருத்துவமனை வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பிங்கல் தம் 95-ஆம் வயதில் 2022-இல் மறைந்தார்.

நம் நாட்டிற்கு இம்மருத்துவம் வந்த வழி வேறு. சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் உழைப்பால் சென்னை அடையாற்றில் 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையம் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி, மருத்துவர் சாந்தா ஆகியோரின் கையில் வளர்ந்தது. 1984-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் மருத்துவர் இயன் மகிராத்தோடு இணைந்து, சென்னை, மும்பை, தில்லி ஆகிய மூன்று இடங்களில் எம்.சி.பி. 841 என்னும் ஒரே சிகிச்சை முறை தொடங்கப்பட்டது. நம் மருத்துவமனைகளின் வசதிக்கு ஏற்ப அது வகுக்கப்பட்டிருந்தது. இம்முறை பிள்ளைகள் கடல் கடக்கவில்லை. ஆய்வே கடல் கடந்து வந்தது. பிழைத்தோர் எண்ணிக்கை முன்னிருந்ததைவிடப் பெரிதும் உயர்ந்தது.

ஆயினும் இராமநாதபுரத்திலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ அடையாற்றுக்கு வரும் குடும்பத்திற்குச் சென்னையும் ஒரு வெளிநாடே. மருந்து ஈராண்டுக்கு மேல் தொடர வேண்டும். முதல் சில வாரங்களில் காய்ச்சல் தணிந்து பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும், நோய் போய்விட்டது என்று எண்ணி ஊர் திரும்பியவர்கள் உண்டு. ஊரில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளுக்காகவும், நாட்கூலி போய்விடுகிறதே என்பதற்காகவும், தங்க இடமின்றியும் பாதியில் நின்றவர்கள் அதனினும் மிகுதி. இந்தியாவில் இந்நோயால் இறந்த பிள்ளைகளுள், மருந்து இருந்தும் அதை முடிக்க இயலாமல் இறந்தவர்கள் பலர் என்பதை மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் எழுதியிருக்கின்றனர்.

2006-இல் மும்பையில் இத்தகைய குடும்பங்களுக்கென ஓர் இல்லம் தொடங்கியது. பின்னர் நாட்டின் பல நகரங்களுக்கு அது பரவியது. மெம்பிஸ் மருத்துவமனையைச் சேராத தனி அமைப்பு எனினும், அதுவும் புனித யூதாவின் பெயரையே தாங்கியிருக்கிறது. சிகிச்சை நடக்கும் காலம் முழுவதும் தாயும் தந்தையும் பிள்ளையோடு வாடகையின்றித் தங்கலாம். ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனி அறை ஒன்றும், பொதுச் சமையற்கூடத்தில் தனி அடுப்பு ஒன்றும் உண்டு.